வட்டத்துக்குள்ள உட்காருங்க

விசில் என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். கழுத்தில் மாட்டி ஊதுகிற விசில் எதுவும் அவளிடம் இருந்ததில்லை. இரண்டு விரலை நாக்குக்கு அடியில் மடித்து வைத்து ஒரு ஊது ஊதினால் போதும், பேருந்து நிலையமே திரும்பிப் பார்க்கும். சின்ன வயதில் இதற்காக அம்மாவிடம் வாங்கிய அடி கொஞ்சமில்லை. அம்மா அடித்து ஓய்ந்து உள்ளே போனதும், தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து அக்கா தலையை நீட்டி, "இன்னொரு தடவை அடிடி, சரியாக் கேக்கல" என்பாள்.

அந்த விசில்தான் பின்னால் அவளுக்குச் சோறு போட்டது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் கொஞ்ச காலம் இருந்தாள். பிறகு பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை. ஒருநாள் அந்தப் பள்ளிக்கூடத்தார் பிள்ளைகளை ஹெலிகாப்டர் காட்ட ஒரு மைதானத்துக்கு அழைத்துப் போனார்கள். ஹெலிகாப்டரின் இன்ஜின் அப்போதுதான் முனகத் தொடங்கியிருந்தது. மூன்று நான்கு பொடிசுகள் கையை உதறிக்கொண்டு ஓடினார்கள். முன்பக்கம் ஓடியிருந்தால் பரவாயில்லை. வால் பக்கம் ஓடினார்கள். வாலில் ஒரு சின்ன விசிறி இருக்கும். அது சுற்ற ஆரம்பித்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. அவள் ஊதிய ஊதலில் ஓடிய பிள்ளைகள் ஓடிய காலோடு நின்றார்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டு விமானி இறங்கி வந்தார். நரைத்த மீசை, பெரிய தொந்தி. எல்லோருக்கும் அவர் கேப்டன். "ஏம்மா, அந்த விசிலை என்ன விலைக்குத் தருவே?" என்றார். அடுத்த மாதமே அவள் அவருடைய கம்பெனியில் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்துவிட்டாள்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "தங்கச்சி ஹெலிகாப்டர்ல போற வேலை" என்று சொல்லி, அவர்கள் வாயைப் பிளந்த பிறகுதான் அளவு எடுக்க ஆரம்பிப்பாள். தங்கச்சி மட்டும் ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாக ஊதியிருந்தால் இன்ஜின் இரைச்சலில் அந்த விசில் யார் காதிலும் விழுந்திருக்காது.

வேலை இதுதான். பத்து வயது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை ஹெலிகாப்டரில் ஏற்றி, அணையையும் அருவியையும் மேலிருந்து ஒரு சுற்று காட்டி, மலையுச்சிப் புல்வெளி ஒன்றில் இறக்க வேண்டும். அங்கே பாறை ஏறலாம், ஓடையைத் தாண்டலாம், பள்ளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் தொங்கிக்கொண்டு இக்கரையிலிருந்து அக்கரைக்குச் சறுக்கலாம். சாயங்காலம் மறுபடி ஹெலிகாப்டரில் திரும்பிவிட வேண்டும். கம்பிக்கும் கயிறுக்கும் பொறுப்பு கயிற்றுக்காரர் என்று ஒருவர். மனிதர் ஹெலிகாப்டரில் ஏறவே மாட்டார். முதல் நாளே காட்டுப் பாதையில் நடந்து மேலே போய்விடுவார். கேட்டால், "என் காலை நான் நம்பறேன். அந்த விசிறியை நீங்க நம்புங்க" என்பார்.

புல்வெளி என்றால் விளையாட்டு மைதானம் மாதிரி சமமாக இருக்காது. மேல் பக்கம் மட்டும்தான் ஹெலிகாப்டர் இறங்கத் தோதான இடம். அங்கிருந்து சரிந்து இறங்கினால் கீழ்க் கோடியில் ஒரு பெரிய மரம், அதை ஒட்டிப் பள்ளம். சறுக்குக் கம்பியின் ஒரு முனை அந்த மரத்தின் உச்சிக் கவட்டில் கட்டியிருந்தது. சுண்டுவிரல் கனமுள்ள இரும்புக் கம்பி. பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

அதனால்தான் மேல் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு துணி விரிப்பார்கள். அந்தத் துணி அக்கா தைத்தது.

முதலில் கம்பெனிக்காரர்கள் கடையில் வாங்கியதை விரித்தார்கள். அது ஹெலிகாப்டர் காற்றுக்கு இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. விசில் வீட்டில் வந்து சொன்னாள். அக்கா கூடாரத் துணியில் நல்ல ஆரஞ்சு நிறமாகப் பார்த்து வாங்கி, நடுவில் பெரிய வெள்ளை வட்டம் வைத்து, ஓரமெல்லாம் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள். நான்கு மூலையிலும் கல் போட ஒரு பை, கயிறு கட்ட ஒரு வளையம். மூலைத் தையலை முடித்ததும், ஒரு மூலையைத் தன் காலில் மிதித்துக்கொண்டு, எதிர் மூலையைத் தங்கச்சியை இழுக்கச் சொன்னாள்.

"இழுடி. சாப்பிட்டவ மாதிரி இழு."

"கிழிஞ்சுடும்க்கா."

"கிழிஞ்சா மிஷினை எடைக்குப் போட்டுடறேன்."

கிழியவில்லை. கேப்டனும் அந்தத் துணியைப் பார்த்துவிட்டு அசந்து போனார். "உங்க அக்கா வட்டம் தெரிஞ்சா போதும்மா, வேற எதையும் பார்க்க மாட்டேன். நேரா இறக்கிடுவேன்" என்றார். இதை விசில் வீட்டில் வந்து சொன்னபோது அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை கோத்தும் நூல் நுழையவில்லை. அத்தனை சந்தோஷம்.

வெயிலிலும் பனியிலும் கிடந்து அந்தத் துணி வெளுத்தது. ஆரஞ்சு போய் வைக்கோல் நிறமாயிற்று. அக்கா அதே அளவில், அதே வட்டத்தோடு புதிதாக இன்னொன்று தைத்தாள். பழையதை என்ன செய்வது? தையல் ஒன்றுகூட விடவில்லை. தூக்கிப்போட மனம் வருமா? பிள்ளைகளுக்கு உட்கார விரிப்பாகவும், மழை வந்தால் கூரையாகவும் ஆகும் என்று வைத்துக்கொண்டார்கள். அதைத் துவைத்துக் கொடுக்க அக்கா குளியலறைத் தொட்டியில் ஊறப்போட்டாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து சத்தம்.

"ஏய், இங்க வந்து பாரேன்! நனைஞ்சதும் புதுசு மாதிரி ஆயிடுச்சு!"

விசில் எட்டிப் பார்த்தாள். தொட்டி நிறைய ஆரஞ்சு. வாங்கின அன்றைக்கு இருந்த அதே நிறம். இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். காய்ந்ததும் பழையபடி வைக்கோலாகிவிட்டது.

"வட்டத்தைப் பிரிச்சு எடுத்துடட்டுமா? கூரைக்கு எதுக்கு வட்டம்?" என்றாள் அக்கா, தையல் பிரிக்கும் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு.

"வேணாம்க்கா. அது இருந்தாத்தான் எனக்கு வசதி. வட்டத்துக்குள்ள உட்காருங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ஒண்ணுகூட வெளிய வராது. என் விசில் கேக்கற வரைக்கும் அசையாதுங்க."

"அப்ப சரி" என்று அக்கா கத்தியைப் பெட்டியில் போட்டாள்.

*

அக்காவின் மகள் சுண்டு அப்போது பத்து வயதை எட்டியிருந்தாள். அப்பா கப்பலில் சமையல்காரர்; பாதி வருடம் கடலில் இருப்பார். வீட்டில் அக்கா, சித்தி, சுண்டு மூன்று பேர்தான். முன்னறை முழுக்கத் துணி, பின்னறையில் படுக்கை, நடுவில் சமையல். அந்த நடு இடத்தில் நின்றுகொண்டுதான் சுண்டு தினமும் பாட்டுப் பாடுவாள்.

"எங்க கிளாஸ்ல எல்லாரும் போறாங்க. ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் சித்தி கூட்டிட்டுப் போவா, என்னை மட்டும் கூட்டிட்டுப் போக மாட்டா."

"நீ போக வேணாம்" என்பாள் அக்கா.

"ஏன்?"

"ஏன்னா வேணாம்."

தங்கச்சியின் வேலையை ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்படுகிறவள், தன் பிள்ளையை மட்டும் ஏன் விட மறுக்கிறாள் என்று விசிலுக்குக் கோபம் வந்தது. "அப்ப மத்தவங்க பெத்தது மட்டும் என்ன, வெட்டுத் துணியா? என்மேல உனக்கு நம்பிக்கை இல்லையா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

அக்கா மிஷினை நிறுத்தினாள். "உன்மேல இருக்குடி" என்றாள் கடைசியில். "சரி, கூட்டிட்டுப் போ. ஆனா உன் கண்ணு முன்னாடியே இருக்கணும்."

இருக்கவில்லை. அதற்குக் காரணம் விசிலின் நேர்மைதான். கிளம்பிய அன்று பிள்ளைகளை இரண்டு நடையாக ஏற்ற வேண்டியிருந்தது. முதல் நடையில் அவள் ஐந்து பேரோடு போவாள். இரண்டாவது நடையில் வகுப்பு ஆசிரியையும் மிச்சப் பிள்ளைகளும் வருவார்கள். தன் வீட்டுப் பிள்ளையை முதலில் ஏற்றினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சுண்டுவை இரண்டாவது நடையில் வைத்தாள்.

"சித்தி, நீ என்கூட வரலியா?"

"நான் முன்னாடி போய் உனக்கு இடம் போட்டு வைக்கறேன். மேல வரும்போது ஜன்னல் வழியாப் பாரு, உங்கம்மா தைச்ச வட்டம் தெரியும். நான் அதுக்குப் பக்கத்துல நிப்பேன்."

சுண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற ஆசிரியை, "உங்க சித்திதான் எல்லாத்துக்கும் ராணியா?" என்று கேட்டு அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள். சுண்டு சிரிக்கவில்லை.

*

காலை வெளிச்சமாகத்தான் இருந்தது. மலை முகடு கத்தியால் வெட்டியதுபோலத் தெளிவாகத் தெரிந்தது. இருந்தாலும் கேப்டன் அன்று வேடிக்கையாக எதுவும் பேசவில்லை. அடிக்கடி மேற்கே பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. புல்வெளியில் இறங்கி, பிள்ளைகளைக் குனிந்தபடியே அழைத்துக்கொண்டு விலகியதும், அவர் கையைக் காட்டிவிட்டு உடனே கிளம்பிவிட்டார். வழக்கமாக இறங்கி ஒரு தேநீர் குடிப்பார்.

சத்தம் தேய்ந்து போனதும் மலை அமைதியானது. விசிலுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. மற்ற நாளில் மரத்தில் குருவிகள் கத்தித் தீர்க்கும். இன்று ஒரு குருவியைக்கூடக் காணவில்லை. காற்றும் இல்லை. புல் நுனி அசையவில்லை.

மேல் பக்கத்தில் புதுத் துணியை நீவிச் சரிசெய்து, மூலைப் பைகளில் கல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. கீழே மரத்தை ஒட்டி, கிளை மறைக்காத வெட்டவெளியில், சறுக்குக் கம்பிக்குக் கீழே கயிற்றுக்காரர் பழைய துணியை நான்கு முளைகளில் இழுத்துக் கட்டி, தாழ்வான கூரைபோல் ஆக்கியிருந்தார்.

"எதுக்குண்ணே கூரை? வெயிலா அடிக்குது?"

"முட்டி வலிக்குது" என்றார் கயிற்றுக்காரர். "எனக்கு முட்டி வலிச்சா மழை வரும்."

"கேப்டன்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"என் முட்டியை அவர் எங்க நம்பறாரு?"

சொல்லிவிட்டு அக்கரை முனையைச் சரிபார்க்க அவர் கம்பியில் தொற்றிக்கொண்டு பள்ளத்தைத் தாண்டிப் போனார். விசில் பிள்ளைகளைக் கூரைக்கு அடியில் உட்கார வைத்தாள். துணியில் இருந்த வெள்ளை வட்டம் அவர்கள் தலைக்குமேல் நிலா மாதிரி தெரிந்தது.

"தலைக்கு மேல வட்டம் தெரியுதா? அதுக்கு நேர் கீழ உட்காருங்க. வெளிய யாரும் வரக் கூடாது. நான் விசிலடிச்சாத்தான் எந்திரிக்கணும்."

"விசில் அடிக்கலைன்னா?" என்றான் ஒரு கண்ணாடிக்காரப் பையன்.

"அடிப்பேன்."

"அடிக்கலைன்னா?"

"அப்ப உனக்கு இங்கயே கல்யாணம் பண்ணி வெச்சுட்டு நான் மட்டும் வீட்டுக்குப் போயிடுவேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் மேல் பக்கம் ஏறினாள். கையிலிருந்த ரேடியோவில் கேப்டன் கேட்டார், "மேல எப்படி இருக்கு?" அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள், "தெளிவா இருக்கு, சார்." அப்போது தெளிவாகத்தான் இருந்தது. ஹெலிகாப்டர் இரண்டாவது நடைக்குக் கிளம்பியது.

தூறல் முதலில் வந்தது. மழை என்றுகூடச் சொல்ல முடியாது. ஈரத் துண்டை உதறினாற்போல. பிள்ளைகள் கூரைக்கு அடியில் இருப்பதால் அவள் கவலைப்படவில்லை. அப்புறம் மேற்குப் பக்கத்து முகட்டின் மேலாக ஏதோ வழிந்தது. பால் பொங்கி வழிகிற மாதிரி, சத்தமே இல்லாமல். முதலில் தூரத்துப் பாறை போயிற்று. பிறகு பக்கத்துப் பாறை. அவள் ரேடியோவை எடுப்பதற்குள் மேகம் அவள் கால் வரை வந்துவிட்டது.

"சார், திரும்பிப் போயிடுங்க. மேகம் இறங்கிடுச்சு."

பதில் வரக் கொஞ்ச நேரமாயிற்று. அதற்குள் ஹெலிகாப்டரின் சத்தமே கேட்கத் தொடங்கிவிட்டது. எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று தெரியவில்லை. எல்லாத் திசையிலிருந்தும் வந்தது.

"பார்த்தேம்மா. திரும்பத்தான் நெனச்சேன்" என்று கேப்டன் குரல் கரகரத்தது. "மேகத்துல இங்க ஒரு ஓட்டை இருக்கு. வட்டம் பளிச்சுனு தெரியுது. இறங்கிடறேன்."

விசிலுக்கு அப்பாடா என்று இருந்தது. வட்டம் தெரிகிறதாம். அக்காவின் வட்டம். அவள் அந்தத் துணியின் ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். பெருமையோடு குனிந்து பார்த்தாள்.

வட்டம் தெரியவில்லை. காலடியில் துணியின் ஒரு மூலை தெரிந்தது. அதற்கு அப்பால் வெள்ளை. பக்கத்திலேயே நிற்கிற தனக்குத் தெரியாத வட்டம், ஆகாயத்தில் இருக்கிற மனிதருக்கு எப்படிப் பளிச்சென்று தெரியும்?

சத்தம் இப்போது எங்கிருந்து வருகிறதென்று புரிந்தது. கீழே இருந்து வந்தது. மரத்தின் பக்கமிருந்து.

நனைந்ததும் புதுசு மாதிரி ஆகிவிட்டது என்று அக்கா குளியலறையிலிருந்து கூப்பிட்ட குரல் அவள் காதில் அப்படியே கேட்டது.

"சார், அது இல்ல! அது பழசு! அங்க கம்பி இருக்கு! ஏறுங்க, சார்!"

ரேடியோவில் இரைச்சல்தான் திரும்ப வந்தது. அவள் அதைப் போட்டுவிட்டு ஓடினாள். புல் வழுக்கியது. ஒரு இடத்தில் விழுந்து எழுந்தாள். ஓடிக்கொண்டே இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினாள். தான் ஊதியது தனக்கே கேட்கவில்லை.

மேகம் கீழ்ப் பக்கம் இன்னும் மூடவில்லை. கிணற்றுக்குள் இருந்து பார்ப்பதுபோல மேலே ஒரு துண்டு வானம். அந்தத் துண்டுக்கு நடுவே ஹெலிகாப்டரின் வயிறு. அதற்கு நேர் கீழே ஈரத்தில் ஊறிய பழைய துணி தீ மாதிரி ஆரஞ்சாக எரிந்தது. நடுவில் வெள்ளை வட்டம். இரண்டுக்கும் இடையில் கம்பி. கூரைக்கு அடியில் ஐந்து பிள்ளைகளும் சொன்னது சொன்னபடி உட்கார்ந்திருந்தார்கள். காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒருவரும் வட்டத்தை விட்டு வெளியே வரவில்லை. அவள் விசில் இன்னும் கேட்கவில்லையே.

வட்டத்தை மறைக்க வேண்டும். மறைத்தால் கேப்டன் இறங்க மாட்டார். ஆனால் ஹெலிகாப்டருக்குக் கீழே துணியை அவிழ்ப்பதைப்போல ஆபத்து வேறில்லை. காற்றில் எழும்பி விசிறியில் சுற்றிக்கொண்டால் முடிந்தது கதை. பிள்ளைகளின் தொப்பி, கழுத்துத் துண்டைக்கூடப் பிடுங்கிப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் ஏற்றுவாள். இப்போது அவளே அவிழ்க்க வேண்டும். மேலே சுண்டு இருக்கிறாள்.

முதல் கயிற்றை உருவினாள். இரண்டாவது வந்துவிட்டது. மூன்றாவதை இழுத்த கணத்தில் காற்று துணிக்கு அடியில் புகுந்தது. துணி அவள் கையைப் பிடுங்கிக்கொண்டு பாம்பு படமெடுப்பதுபோல எழுந்து நின்றது. நான்காவது முடிச்சு ஈரத்தில் இறுகிப்போயிருந்ததால் அவிழவில்லை. அந்த ஒரு மூலையில் அந்தப் பெரிய துணி முழுக்கத் துடித்தது. மிஷினை எடைக்குப் போட்டுவிடுகிறேன் என்று அக்கா சொன்ன அதே தையல். அது விட்டால் துணி நேராக மேலேதான் போகும்.

விடவில்லை.

அவள் பாய்ந்து துணியின் நடுவில் விழுந்தாள். விழுந்தபடியே பிள்ளைகளைப் பார்த்துக் கையைத் தரையில் அடித்துக் காட்டினாள். கண்ணாடிக்காரப் பையனுக்குத்தான் முதலில் புரிந்தது. அவன் வந்து அவள் முதுகுக்குப் பக்கத்தில் விழுந்தான். பிறகு ஒவ்வொருவராக மற்றவர்கள். துணியைக் கைக்கும் வயிற்றுக்கும் கீழே சுருட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு, அதன்மேல் எல்லோரும் குப்புறக் கிடந்தார்கள். ஆரஞ்சு இல்லை, வட்டம் இல்லை. மேலே பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை. மரத்தின் இலைகள் பிய்ந்து முதுகில் விழுந்தன. எங்கோ பக்கத்தில் கம்பி 'ணங்' என்று அதிர்ந்தது.

பிறகு சத்தம் மாறியது. சாய்ந்தது. மேலே போனது. மேகம் அந்த ஓட்டையையும் மூடிவிட்டது. சத்தம் மெலிந்து மெலிந்து நின்றுபோயிற்று.

போய்விட்டதா, விழுந்துவிட்டதா?

விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். கேட்டிருக்குமா? பள்ளம் அத்தனை ஆழம். அவள் எழுந்து உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மேகத்துக்குள் ஒன்றுமே கேட்கவில்லை. மரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீர்தான்.

"ஆன்ட்டி, விசில் அடிங்க. எந்திரிக்கணும்" என்றாள் ஒரு சிறுமி, இன்னும் துணிமேல் குப்புறப் படுத்தபடி.

இரண்டு விரலை வைத்து ஊதினாள். வெறும் காற்றுதான் வந்தது.

அக்கரையிலிருந்து கயிற்றுக்காரர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் பள்ளத்தைச் சுற்றி நடந்து வந்து சேர்ந்தார். வெள்ளைக்குள்ளிருந்து அவர் முகம் மட்டும் முதலில் தெரிந்தது. அவரும் எதுவும் பார்க்கவில்லை. "கம்பி ஆடிச்சு" என்று மட்டும் சொன்னார். அவள் மேலே ஏறித் தேடி, ரேடியோவை எடுத்துக் கூப்பிட்டாள். பதில் இல்லை. அதை ஈரம் கெடுத்துவிட்டதா, அங்கே பதில் சொல்ல ஆள் இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

காட்டுப் பாதையில் பிள்ளைகளை நடத்திக் கீழே கொண்டுவந்தார்கள். முன்னால் கயிற்றுக்காரர், பின்னால் அவள். பிள்ளைகள் அவரவர் வீட்டில் சொல்லப்போகிற கதையை இப்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். "நான்தான் முதல்ல விழுந்தேன்" என்று கண்ணாடிக்காரன் ஒவ்வொரு வளைவிலும் சொன்னான். ஒவ்வொரு வளைவிலும் அவள் நின்று பள்ளத்தைப் பார்த்தாள். புகை தெரிகிறதா என்று பார்த்தாள். மேகமும் புகையும் ஒரே நிறம்.

அக்காவிடம் என்ன சொல்வது என்று ஒரு வாக்கியம்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை. கூட்டிட்டுப் போ என்று சொல்ல வைத்தவள் அவள். இரண்டாவது நடையில் வைத்தவள் அவள். வட்டத்தைப் பிரிக்க வேண்டாம் என்றவளும் அவள்தான்.

அடிவாரத்தில் மரங்கள் முடிகிற இடத்தில் மைதானம் தெரியும். மைதானத்தில் ஹெலிகாப்டர் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் ஆசிரியை பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்திருந்தாள். கடைசியில் சுண்டு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

விசில் அவளைத் தூக்கினாள். அந்தப் பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை.

"ஜன்னல் வழியாப் பார்த்தேன் சித்தி. நீ ஓடி வந்து வட்டத்தைப் பிடுங்கிட்டே."

"ம்."

"மத்தவங்களை எல்லாம் இறக்கினே. எங்களை மட்டும் ஏன் வேணாம்னுட்டே?"

அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

கேப்டன் ஹெலிகாப்டரின் நிழலில் ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பிளாஸ்க் மூடியில் ஊற்றிய தேநீர் குடிக்காமல் ஆறியிருந்தது. அவள் போய் நின்றதும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வட்டம் மறைஞ்சுதேன்னு மேல ஏத்தினேன்மா. ஏத்தினப்பறந்தான் கம்பியைப் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளிய." வலது கையை விரித்துக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே இருந்த தூரத்தைக் காட்டினார். ஒரு சாண். அந்தக் கையை அவர் மற்றொரு கையால் பிடித்துக் கீழே இறக்கினார். "கம்பி அதிர்ந்தது என் விசிறிக் காத்துலதான். தொட்டிருந்தா இப்படி உட்கார்ந்து பேச மாட்டேன்."

*

அவர்கள் வீடு போய்ச் சேருவதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. ஆசிரியை தொலைபேசியில் சொல்லியிருந்தாள். அக்கா வாசலுக்கு வரவில்லை. மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மிஷின் ஓடவில்லை. சுண்டுவை ஒரு தடவை தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், தைத்து முடித்த சட்டையைத் தூக்கிப் பார்ப்பதுபோல. "போய்க் கால் கழுவு" என்றாள்.

விசில் தோளில் இருந்த ஈர மூட்டையை இறக்கி வைத்தாள். பழைய துணி. இன்னும் காயவில்லை, இன்னும் ஆரஞ்சாகத்தான் இருந்தது.

"நாலாவது மூலை விடலக்கா" என்றாள். அதைச் சொன்னால் அக்காவுக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கும் என்று நினைத்தாள். "மூணு அவிழ்ந்துடுச்சு. அது மட்டும் விடல. விட்டிருந்தா…"

அக்கா மூலையை எடுத்துத் தையலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். வேறு எதையோ கேட்டாள்.

"கம்பிக்கும் பிள்ளைக்கும் நடுவுல எவ்வளவு இருந்துச்சு?"

சமையலிடத்தில் சுண்டு காலில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. விசில் இரண்டு கையையும் அகல விரித்தாள். முடிந்தமட்டும் அகலமாக.

"இவ்வளவு. நல்லா தூரம்க்கா."

அக்கா அந்தக் கைகளைப் பார்த்தாள். இடக்கையைப் பார்த்துவிட்டு வலக்கையைப் பார்த்தாள். காலம் முழுக்க அளவெடுத்த கண். யார் இடுப்பைச் சுருக்கிப் பிடிக்கிறார்கள், யார் நெஞ்சை நிமிர்த்திக் காட்டுகிறார்கள் என்று டேப்பை எடுக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும்.

"கையைக் கீழ போடுடி" என்றாள். "எங்கிட்டயா பொய் அளவு காட்டறே?"

விசில் கைகளை இறக்கினாள். பிறகு, கேப்டன் காட்டியதுபோலவே வலது கையை விரித்து மேஜைமேல் வைத்தாள்.

அக்கா அதன்மேல் தன் கையை விரித்து வைத்தாள், விரலுக்கு விரல் பொருத்தி, சரியாக அளந்து பார்ப்பதுபோல. வெகுநேரம் கையை எடுக்கவில்லை. அப்புறம் பெட்டியைத் திறந்து, தையல் பிரிக்கும் கத்தியை எடுத்து, ஈரத் துணியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வட்டத்தின் முதல் தையலைப் பிரித்தாள்.

நெருக்கிப் போட்ட இரட்டைத் தையல். சுலபத்தில் வரவில்லை.

"அம்மா" என்று சுண்டு உள்ளிருந்து கூப்பிட்டாள். "அடுத்த தடவை என்னை முதல் நடையில ஏத்தச் சொல்லும்மா."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கத்தி அடுத்த தையலுக்குப் போயிற்று.